ஒசாகாவின் செம்பா: ஆறு மணிக்கு மேல் ஆளில்லாத ஊரா?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2024

வேலை விஷயமாக ஒசாகாவில் ஹொம்மாச்சி பக்கம் ஒரு வாரம் தங்கியிருந்தேன். எங்கே திரும்பினாலும் சாம்பல் நிற ஆபீஸ் கட்டடம். மாலை ஆறு மணிக்கு மேல் தெருவில் ஆளே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காபிக் கடைகூட மூடிக் கிடந்தது. டோட்டொன்போரியிலாவது விளக்கு, கூட்டம், சாப்பாடு என்று ஏதோ இருக்கிறது. ஹொம்மாச்சிக்கு என்று தனியாக ஒரு குணமும் கிடையாது, பழமையும் கிடையாது என்று நான் சொன்னால் இங்கே யாராவது மறுப்பீர்களா?

3 மார்ச் 2024

நான் மறுக்கிறேன். அந்தத் தெருக்களில்தான் பல வருடமாக வேலைக்குப் போய்வருகிறேன்.

நீங்கள் தங்கிய வட்டாரத்துக்குச் செம்பா என்று பெயர். வரைபடத்தில் பாருங்கள், ஒரு செவ்வகம். ஒரு காலத்தில் அதன் நான்கு பக்கமும் தண்ணீர். வடக்கே தோசாபோரி ஆறு இன்னும் ஓடுகிறது. கிழக்கே ஹிகாஷி-யோகோபோரி கால்வாயும் இருக்கிறது, ஆனால் தலைக்கு மேல் நெடுஞ்சாலைப் பாலம் வந்து வெயில் படாமல் கிடக்கிறது. தெற்கு, மேற்குக் கால்வாய்களைப் போருக்குப் பிறகு தூர்த்துவிட்டார்கள்.

ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த தளபதி தொயோதோமி ஹிதேயோஷி 1583-இல் ஒசாகாக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1598-இல் கோட்டையைச் சுற்றிக் குடியிருந்தவர்களை எழுப்பி மேற்கே இந்தத் தாழ்வான நிலத்தில் குடியேற்றினார்கள். செம்பா அப்படி உருவானதுதான். ஆக, உங்கள் ஹோட்டல் இருந்த மண்ணுக்கு வயது 400-க்கு மேல். பழமை இல்லை என்பதை முதலில் அழித்துவிடுங்கள். குணத்தைப் பற்றி நாளைக்கு.

4 மார்ச் 2024

செம்பாவின் குணம் என்ன என்று கேட்டால் என் பதில் ஒன்றே ஒன்றுதான்: ஊருக்கு வேண்டியதை அங்கே இருந்த வியாபாரிகளே கைக்காசு போட்டுச் செய்துகொண்டார்கள். அரசன் செய்வான் என்று காத்திருக்கவில்லை.

பாலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எடோ காலத்து (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) ஒசாகாவில் ஏறக்குறைய 200 பாலங்கள். அவற்றில் அரசு கட்டிப் பராமரித்தவை 12 மட்டுமே. மற்றதெல்லாம் அந்தந்தத் தெருக்காரர்கள் பணம் பிரித்துக் கட்டியவை. நீங்கள் மெட்ரோவில் இறங்கியிருக்கக்கூடிய யோடோயாபாஷி நிலையத்தின் பெயரும் அப்படி வந்ததே. யோடோயா என்பது ஓர் அரிசி வியாபாரக் குடும்பம். தங்கள் வாசலில் கூடிய அரிசிச் சந்தைக்கு ஆட்கள் வந்துபோக அவர்களே போட்ட பாலம் அது. அந்தக் குடும்பத்தின் செல்வத்தைப் பார்த்து அரசுக்குப் பொறுக்கவில்லை. தகுதிக்கு மீறின ஆடம்பரம் என்று குற்றம் சாட்டி 1705-இல் சொத்து முழுவதையும் பறித்துக்கொண்டது. குடும்பம் போயிற்று, பெயர் நின்றது. இப்போதிருக்கும் கான்கிரீட் பாலம் 1935-இல் கட்டியது.

அந்த அரிசிச் சந்தை ஆற்றுக்கு அக்கரையில் டோஜிமாவுக்கு மாறியது. கையில் அரிசி இல்லாமலே வரப்போகும் விலையை வைத்துக் கணக்கு முடிக்கும் வியாபாரம் அங்கே நடந்தது. 1730-இல் அரசே அதற்கு அனுமதி கொடுத்தது. உலகின் முதல் முன்பேர வணிகச் சந்தை என்று பொருளாதார வரலாற்றுக்காரர்கள் குறிப்பிடுவது இதைத்தான். விலையைக் கொடியசைத்து மலைக்கு மலை கடத்தி ஊர் ஊராக அனுப்பினார்கள்.

5 மார்ச் 2024

பள்ளிக்கூடம் விட்டுப்போயிற்று. இதைச் சொல்லாமல் செம்பாவைப் பற்றிப் பேசக்கூடாது.

1724-இல் ஐந்து வியாபாரிகள் சேர்ந்து காய்தொகுடோ என்று ஒரு கல்விக்கூடம் தொடங்கினார்கள். ஊரின் பெரும்பகுதியைத் தீ தின்றுவிட்டுப் போன வருடம் அது. இரண்டு வருடம் கழித்து அரசு அங்கீகாரம் கிடைத்ததும் சுவரில் விதிகளை எழுதி மாட்டினார்கள். அந்த விதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். புத்தகம் இல்லாதவரும் வந்து கேட்கலாம். தவிர்க்க முடியாத வேலை வந்தால் பாடத்தின் நடுவிலேயே எழுந்து போகலாம். சாமுராய்களுக்கு முன்வரிசை உண்டு, ஆனால் பாடம் ஆரம்பித்த பிறகு வந்தால் அந்த வேறுபாடு கிடையாது, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். வாளேந்தியவன் முன்னால் மற்றவர்கள் தலைகுனிந்து நின்ற காலத்தில் கடைக்காரர்கள் போட்ட சட்டம் இது.

அங்கே படித்தவர்களில் ஒருவர் யாமாகாதா பன்தோ. தொழில், ஒரு கடையின் தலைமைக் கணக்குப்பிள்ளை. நொடித்துக் கிடந்த செண்டாய் பிரபுவின் கஜானாவை நிமிர்த்திக் கொடுத்தவர். கடைசிக் காலத்தில் கண்பார்வை போன நிலையிலும் ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது, நரகமும் சொர்க்கமும் பேயும் கிடையாது என்று அதில் ஆணித்தரமாக எழுதியிருக்கிறார். 1821-இல் இறந்தார்.

அந்தக் கல்விக்கூடம் 1869-இல் மூடப்பட்டது. இமாபாஷியில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் கட்டடச் சுவரில் அதற்கு ஒரு நினைவுக்கல் பதித்திருக்கிறார்கள். அவசரமாக நடந்தால் கண்ணில் படாது.

9 மார்ச் 2024

ஒருவர் கேட்டிருக்கிறார்: "சரி, எல்லாம் நினைவுக்கல்தானே? கண்ணால் பார்க்க என்ன இருக்கிறது?"

நிறைய இருக்கிறது. எங்கே பார்ப்பது என்பதில்தான் விஷயம். ஒரு வழி சொல்கிறேன். கிழக்கு மேற்காக ஓடும் ஏதாவது ஒரு சின்னத் தெருவில், உதாரணமாக ஃபுஷிமிமாச்சியில், ஓரமாக நின்றுகொண்டு கட்டட முகப்புகளை வரிசையாகப் பாருங்கள். ஒரு நேர்க்கோட்டில் இருக்காது. சில கட்டடங்கள் பின்வாங்கி நிற்கும், சில தெருவுக்குள் முன்தள்ளி நிற்கும். 1939-இல் செம்பாவுக்கென்று ஒரு விதி வந்தது: இடித்துக் கட்டுகிறவர்கள் தெருவை அகலப்படுத்தத் தங்கள் நிலத்தில் கொஞ்சம் விட்டுப் பின்னால் தள்ளித்தான் கட்ட வேண்டும். பின்வாங்கி நிற்பது அதற்குப் பிறகு வந்தது. முன்தள்ளி நிற்பது அதற்கு முன்னாலேயே இருந்தது. அதனால் நடைபாதை எந்தக் கட்டடத்து முன்னால் திடீரென்று குறுகுகிறதோ அங்கே தலையை நிமிர்த்துங்கள். பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. அப்படி நிமிர்ந்துதான் நான் 1927-இன் ஷிபாகாவா கட்டடத்தைக் கண்டுபிடித்தேன். முகப்பில் தென்னமெரிக்கக் கோயில் சிற்பம் மாதிரி வேலைப்பாடு. உள்ளே இன்றைக்கும் கடைகள் நடக்கின்றன.

அந்த வழியில் இன்னும் சில: 1912-இன் கிதாஹாமா செங்கல் கட்டடம், இப்போது தேநீர்க் கடை. ஐவிக் கொடி மூடிய 1921-இன் ஆவோயாமா கட்டடம். ஹிரானோமாச்சியில் கடிகாரக் கடைக்காரர் கட்டிய 1930-இன் இகோமா கட்டடம்.

எனக்கு மிகப் பிடித்தது அவாஜிமாச்சியில் 1925-இல் கட்டிய செம்பா கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே போனால் நடுவில் வானம் தெரியும் நீளமான முற்றம். சரக்கு வண்டிகள் தெருவை அடைக்காமல் நேரே உள்ளே வந்து இறக்கிவிட்டுப் போக அப்படிக் கட்டினார்கள். இன்று அந்த முற்றத்தில் செடிகள், நான்கு மாடியிலும் சுற்றிவரச் சின்னச் சின்ன அலுவலகங்கள்.

10 மார்ச் 2024

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. செம்பாவின் ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக்குச் சுமார் 80 மீட்டர் சதுரம். வீடுகள் முதுகோடு முதுகு சேரும் இடத்தில், கட்டத்தின் நடுவே, ஒரு சாக்கடை ஓடும். ஹிதேயோஷி காலத்துத் திட்டம். பிறகு கருங்கல் சுவர் கட்டி மேலே மூடினார்கள். அதில் சுமார் 20 கிலோமீட்டர் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. செம்பாவுக்குக் கொஞ்சம் கிழக்கே மினாமி-ஓஏ தொடக்கப்பள்ளி பக்கத்தில் எட்டிப் பார்க்கக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கருங்கல்லும் ஓடும் தண்ணீரும். 400 வருடம் முன்னால் போட்ட கோட்டில் இன்று குளித்த தண்ணீர் போகிறது. ஓர் ஊரின் வரலாறு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சாக்கடைதான்.

17 மார்ச் 2024

டோஷோமாச்சி பற்றி எழுதச் சொன்னார்கள். அது மருந்துத் தெரு. செம்பாவில் தெருவுக்கு ஒரு சரக்கு: கிதாஹாமா பணம், டோஷோமாச்சி மருந்து, ஹொம்மாச்சி துணி.

நாகசாகியில் இறங்கிய சீன மருந்துச் சரக்கெல்லாம் நேரே இங்கே வரும். அசலா போலியா என்று பார்த்து, எடை போட்டு, பிரித்துக் கட்டி, நாடு முழுவதற்கும் இங்கிருந்துதான் போகும். 1722-இல் இத்தெருவின் 124 மருந்து வியாபாரிகளைச் சங்கமாக அரசு அங்கீகரித்தது. தகேதா 1781-இல் இங்கே தொடங்கியது, ஷியோனோகி 1878-இல். இன்று உலகம் முழுக்க மருந்து விற்கும் கம்பெனிகள் இரண்டு நிமிட நடை தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் பிறந்திருக்கின்றன.

காரணம் நம்பிக்கை என்று நான் நினைக்கிறேன். மருந்தைப் பார்த்து வாங்குகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வேரைச் சீவி வைத்தால் எல்லா வேரும் ஒன்றுதான். ஒருவன் போலிச் சரக்கு விற்றால் தெருவின் பெயரே கெட்டுவிடும். அதனால் பக்கத்துக் கடைக்காரனே காவல்காரன். 1780-இல் இவர்களே சேர்ந்து ஒரு கோயிலும் வைத்தார்கள், சுகுனாஹிகோனா ஜின்ஜா. ஜப்பானிய மருந்துத் தெய்வமும் சீன மருந்துத் தெய்வமும் அங்கே ஒன்றாக இருக்கிறார்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சந்து மாதிரி நுழைவாயில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து கைதட்டிக் கும்பிட்டுவிட்டுப் போகும் மருந்துக் கம்பெனி ஊழியர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த வாரம் ஏதாவது ஒரு பரிசோதனை முடிவு வரவேண்டியிருக்கும் போல என்று நினைத்துக்கொள்வேன்.

அதே தெருவில் சாகாய்சுஜி மூலையில் கறுப்பாக ஒரு பெரிய மர வீடு நிற்கும். 1903-இல் கட்டிய கோனிஷி வீடு. மருந்து வியாபாரத்தில் ஆரம்பித்துப் பிறகு போண்ட் பசை செய்த குடும்பம். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் கைவேலைக்கு வைத்திருக்கும் மஞ்சள் பாட்டில் பசை இவர்களுடையது.

23 மார்ச் 2024

இன்று மினோவில் புது ரயில் நிலையம் திறந்தார்கள், மினோ-செம்பா-ஹந்தாய்-மாஏ. அங்கே எதற்குச் செம்பா என்று பெயர் என்று ஒருவர் கேட்டார். 1970 வாக்கில் இங்கே இடம் போதாமல், லாரி நிறுத்த வழியில்லாமல், துணி மொத்த வியாபாரிகளில் ஒரு பகுதியினர் கூட்டமாக வடக்கே மினோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஊர்ப் பெயரையும் கையோடு கொண்டுபோனார்கள்.

போகாதவர்களுக்காகக் கட்டியதுதான் செம்பா சென்டர் பில்டிங். ஹொம்மாச்சியில் தங்கினால் அதைத் தாண்டாமல் இருக்க முடியாது. 1970 உலகக் கண்காட்சிக்காகக் கிழக்கு மேற்காக 80 மீட்டர் அகலத்தில் சாலை போட வேண்டும், அந்த வழியெல்லாம் துணிக்கடைகள். கடைக்காரர்களை எங்கே அனுப்புவது? சாலைக்கு அடியிலேயே வைத்துவிட்டார்கள். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பத்துக் கட்டடங்கள். தலையில் நெடுஞ்சாலை, நடுவில் கடைகள், கீழே மெட்ரோ. உள்ளே துணிக்கட்டு, பட்டன், லேஸ், கைப்பை. சில கடைகளில் "மொத்த விற்பனை மட்டும், சில்லறை இல்லை" என்று அட்டை தொங்கும். முதலில் அதைப் பார்த்து ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தேன். என் மனைவி தயங்காமல் உள்ளே போய், தைக்கிற துணி எது, சாயம் போகுமா என்று நாலு கேள்வி கேட்டாள். கடைக்காரப் பாட்டி முகம் மலர்ந்து மூன்று கஜம் வெட்டிக் கொடுத்தார். சரக்கு தெரிந்து கேட்டால் செம்பாவில் மரியாதையே வேறு.

30 மார்ச் 2024

அந்த வீடுகளுக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது என்ற கேள்விக்கு.

முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் கிடங்கு. முதலாளி, முதலாளியம்மா, பிள்ளைகள், கணக்குப்பிள்ளைகள், கடைப் பையன்கள், வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். பத்துப் பன்னிரண்டு வயதில் கிராமத்திலிருந்து பையன் வந்து சேருவான். சம்பளம் கிடையாது, சாப்பாடும் துணியும்தான். ஜனவரி 16, ஜூலை 16, வருடத்துக்கு இரண்டே விடுமுறை. தப்பிப் பிழைத்து மேலே வந்தால் பொறுப்பு கூடும், கடைசியில் தலைமைக் கணக்குப்பிள்ளை. மிக நன்றாக உழைத்தவனுக்கு முதலாளி தன் கடைப் பெயரைக் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தருவார்.

மகன் சோம்பேறி என்றால்? கடையை அவனிடம் கொடுக்கமாட்டார்கள். திறமையான கணக்குப்பிள்ளையை மகளுக்குக் கட்டிவைத்து, அவனைச் சுவீகாரம் எடுத்து, கடையை அவனிடம் ஒப்படைப்பார்கள். மகனைத் தேர்ந்தெடுக்க முடியாது, மருமகனைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்த மகளிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று நான் யோசிக்காமல் இருந்ததில்லை. செம்பாவைப் புகழ்கிறவன் இதையும் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு வருடத்தில் இரண்டு நாள் விடுமுறை என்பதையும் சேர்த்துத்தான்.

சாப்பாடு சிக்கனம். உப்புப் போட்ட கானாங்கெளுத்தி மீனின் சதையெல்லாம் தீர்ந்த பிறகு தலையையும் முள்ளையும் முள்ளங்கியோடு கொதிக்கவைத்த சூப்புக்குச் செம்பா-ஜிரு என்று பெயர். எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு மதியக் கடையில் குளிர்காலத்தில் போடுவார்கள். இஞ்சி போட்டு, தெளிவாக, சுடச்சுட. மீதியில் செய்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

6 ஏப்ரல் 2024

பஞ்சு. இந்தியாவைத் தொடும் இடம் இது, கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

1883-இல் ஒசாகாவில் 10,500 கதிர்களோடு ஒரு நூற்பாலை ஓட ஆரம்பித்தது. தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சி முன்னின்று தொடங்கியது. லாபம் கொட்டியதைப் பார்த்து அடுத்தடுத்து ஆலைகள். கீழைநாட்டு மான்செஸ்டர் என்று ஊருக்குப் பெயர் வந்தது. ஆனால் ஜப்பானில் போதுமான பஞ்சு இல்லை. பம்பாயிலிருந்து வர வேண்டும், கப்பல் கூலியோ பிரிட்டிஷ் கம்பெனிகளின் கையில். 1893-இல் நிப்பொன் யூசென் கப்பல் கம்பெனியும் டாடாவும் கைகோர்த்துப் பம்பாய்க்கு நேரடிக் கப்பல் விட்டார்கள், கூலி இறங்கியது. மராட்டியத்திலும் குஜராத்திலும் விளைந்த பஞ்சு ஒசாகாவில் நூலாகி, துணியாகி, செம்பா வியாபாரிகள் கைவழியாக மீண்டும் இந்தியாவுக்கே போனது.

அது பெருகிப் பெருகி 1933-இல் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனை முந்தியது. அதே வருடம் இந்தியாவின் பிரிட்டிஷ் அரசு ஜப்பானியத் துணிக்கு வரியை 75 சதவீதமாக்கியது. பதிலுக்கு ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பஞ்சை வாங்கமாட்டோம் என்று நிறுத்தின. சிம்லாவிலும் டெல்லியிலும் மாதக்கணக்கில் பேசி 1934-இல் ஓர் உடன்பாடு: 10 லட்சம் பேல் பஞ்சு வாங்கினால் 32.5 கோடி கஜம் துணி அனுப்பலாம், 15 லட்சம் பேல் வாங்கினால் 40 கோடி கஜம். நம் நாட்டுப் பருத்தி விவசாயியின் விலை செம்பாவில் கட்டும் துணி மூட்டையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

அந்தப் பணம் எப்படி இருந்தது என்று பார்க்க பிங்கோமாச்சியில் மெங்யோ காய்கான் இருக்கிறது, 1931-இல் பஞ்சுத் தொழிலாளர்கள் அல்ல, பஞ்சு முதலாளிகள் கட்டிய மன்றம். ஒரு நூற்பாலை நிர்வாகி இறந்தபோது விட்டுச்சென்ற 10 லட்சம் யென், மற்றவர்கள் சேர்த்த 5 லட்சம் யென். அறைக்கு ஒரு பாணி. எல்லா ஜன்னலுக்கும் கம்பி பதித்த கண்ணாடி போட்டிருந்ததால் 1945-இல் சுற்றிலும் எரிந்தபோது அது நின்றது. 1932-இல் மஞ்சூரியா பற்றி விசாரிக்க உலக நாடுகள் சங்கம் அனுப்பிய லிட்டன் குழு இங்கேயும் வந்திருக்கிறது.

அப்புறம், இந்தியத் துணைத் தூதரகம் கியூதாரோமாச்சியில்தான் இருக்கிறது, அதே பழைய துணி வட்டாரத்தின் நடுவில். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனால் வரிசையில் தமிழ் கேட்கும்.

14 ஏப்ரல் 2024

"இவ்வளவு இருந்தும் ஏன் ஆறு மணிக்கு மேல் ஆளில்லை?" என்று முதல் வாசகர் திரும்பக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

குண்டுவீச்சு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். 1945 மார்ச் 13 இரவும் 14 விடியற்காலையும் செம்பாவின் பெரும்பகுதி எரிந்தது உண்மை. ஆனால் மக்கள் அதற்கு வெகு முன்னாலேயே வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். ஆலைப் புகை. அதே நூற்பாலைகளின் புகைதான். 1905-இல் ஹான்ஷின் மின்ரயில், 1910-இல் இன்று ஹான்க்யூ என்கிற ரயில். அந்த ரயில் கம்பெனி தண்டவாளத்தோடு வீட்டுமனையும் தவணையில் விற்றது, ஒசாகாவின் புகையை விட்டு வாருங்கள் என்று விளம்பரமும் செய்தது. முதலாளி குடும்பத்தோடு ஊருக்கு வெளியே ஆஷியாவுக்குப் போனார். காலையில் ரயிலேறிக் கடைக்கு வந்தார். கணக்குப்பிள்ளையும் தனி வீடு பார்த்தான். கடைப் பையனுக்குச் சம்பளமும் ஞாயிறும் வந்தன, அது வரவேண்டியதுதான். வீடும் கடையும் பிரிந்தன. பிரிந்த அன்றே சாயங்காலம் போய்விட்டது. போர் மிச்சத்தை முடித்தது.

20 ஏப்ரல் 2024

போன குறிப்பை எழுதிவிட்டு இரண்டு நாள் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. தெருவை அகலப்படுத்தியதையும் சேர்க்க வேண்டும்.

செம்பாவின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் பெரிய சாலை மிடோசுஜி. அது முன்பு ஆறு மீட்டர் சந்து. மேயர் செகி ஹஜிமே அதை 43.6 மீட்டர் அகலமாக்கி, உமேடாவிலிருந்து நம்பா வரை சுமார் நான்கு கிலோமீட்டர் நீட்டினார். 1926-இல் தொடங்கி 1937-இல் முடிந்தது. ஊருக்கு நடுவில் விமானத் தளமா கட்டப் போகிறார் என்று கேலி பேசியதாகச் சொல்வார்கள். செலவின் ஒரு பகுதியைச் சாலையோர நிலக்காரர்களிடமே வசூலித்தார்கள், பழைய பாலக்கணக்குப் போலவே. அடியில் 1933-இல் மெட்ரோ. முதலில் ஓடியது ஒரே ஒரு பெட்டி, ஆனால் நடைமேடையைப் பல பெட்டிக்கு இடம்விட்டுக் கட்டியிருந்தார்கள். இன்று பத்துப் பெட்டி வண்டி அதில்தான் நிற்கிறது. செகி 1935 ஜனவரியில் இறந்துவிட்டார், சாலை முடிந்ததைப் பார்க்கவில்லை.

நான் தினமும் நடக்கும் சாலை, எனக்கு அது பிடிக்கும். நவம்பரில் கிங்கோ மரங்கள் மஞ்சளாகும்போது சொல்லவே வேண்டாம், கீழே விழுந்த கொட்டைகள் நாறினாலும் பரவாயில்லை. ஆனால் அதற்காக இடித்தது அந்த முன்கடை பின்வீடுகளைத்தான். சாலையின் நடுப்பகுதியில், மினாமி-மிடோ கோயில் முன்னால், ஹைக்கூ கவிஞர் பாஷோ 1694-இல் இறந்த வீடு இருந்த இடத்துக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள், கார்கள் இரண்டு பக்கமும் பறக்க. நல்லதா கெட்டதா என்று எனக்கு ஒரு பக்கமாகச் சொல்ல வரவில்லை. அந்தச் சாலை இல்லாவிட்டால் ஒசாகா மூச்சுத் திணறியிருக்கும்.

21 ஏப்ரல் 2024

மிடோசுஜியில் ஏன் எல்லாக் கட்டடமும் ஒரே உயரம் என்றால், வெகுகாலம் 31 மீட்டருக்கு மேல் விடவில்லை. 1995-இலும் பிறகு 2014-இலும் தளர்த்தினார்கள். புதுக் கோபுரங்கள் அதற்குப் பிறகு வந்தவை.

11 மே 2024

தெகிஜுகு பற்றி யாருமே கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். ஒகாதா கோஆன் என்ற மருத்துவர் 1838-இல் தொடங்கிய டச்சுமொழி மருத்துவப் பள்ளி. 1840-களில் வந்து சேர்ந்த கிதாஹாமா வீடு அப்படியே நிற்கிறது. கோஆன் 1849-இல் அம்மை குத்தும் நிலையம் ஆரம்பித்தவர், அதற்கும் கைகொடுத்தவர்கள் பக்கத்து வியாபாரிகள். மாடியில் மாணவர் அறை. ஆளுக்கு ஒரு பாய் இடம். மாதாந்திரத் தேர்வில் முதலில் வந்தவன் நல்ல பாயை எடுத்துக்கொள்வான். கடைசியில் வந்தவனுக்கு மாடிப்படி ஓரம், ராத்திரி எழுந்து போகிறவனெல்லாம் மிதிப்பான். நடுத்தூணில் வாளால் வெட்டிய தழும்புகள் இன்னும் இருக்கின்றன. பக்கத்து அறையில் ஒரே ஓர் அகராதி, கையால் பிரதி எடுத்தது. அத்தனை பேரும் அதற்காக ராத்திரியெல்லாம் முறை போட்டார்கள். பிற்பாடு ஜப்பானுக்கு மேற்கத்தியக் கல்வியைக் கொண்டுவந்த ஃபுகுசாவா யுகிச்சி அந்தப் பாயில் படுத்தவர்தான்.

பின்னாலேயே ஐஷு மழலையர் பள்ளி. 1880-இல் தெருக்காரர்கள் தொடங்கியது, 1901-இல் கட்டிய மரக் கட்டடம். இன்றும் அதே கட்டடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு அந்த ஓட்டுக்கூரைக்குக் கீழே தொப்பி போட்ட குழந்தைகள் நுழைவதைப் பார்த்துவிட்டு, செம்பாவில் ஆளில்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

25 மே 2024

அந்தக் குழந்தைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று ஒருவர் கேட்டது சரியான இடத்தில் விழுந்த கேள்வி. கோபுரக் குடியிருப்புகளிலிருந்து. மிட்சுகோஷி கடைக்கு இங்கே 1691 முதல் வேர். 2005-இல் அதன் ஒசாகா அங்காடியை மூடினார்கள். அந்த இடத்தில் 2009-இல் 54 மாடி, 209 மீட்டர் உயரத்தில் வீடுகள் வந்துவிட்டன. துணிக் கம்பெனிகள் விட்டுப்போன மனைகளிலெல்லாம் இப்படித்தான். பெரிய வணிக நிறுவனங்கள் டோக்கியோவுக்கும் உமேடாவுக்கும் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு செம்பாவில் மறுபடியும் இரவில் ஆட்கள் தூங்குகிறார்கள். ஆற்றுக்கு முதுகு காட்டி நின்ற கிதாஹாமா கட்டடங்கள் பின்பக்கம் மரத்தளம் போட்டு ஆற்றைப் பார்த்துச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கின்றன. சாயங்காலம் அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். கேள்வி கேட்டவர் ஹொம்மாச்சியிலிருந்து வடக்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்திருக்கலாம்.

புதிதாக வந்தவர்கள் தெருவுக்கு என்ன செய்வார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். 54-ஆவது மாடியில் இருப்பவர் கீழே உள்ள கோயில் திருவிழாவுக்கு இறங்கி வருவாரா?

16 ஜூன் 2024

சின்னக் குறிப்பு. கியூதாரோமாச்சி 4-ஆவது வட்டத்தில் ஸாமா ஜின்ஜா என்ற கோயிலின் முகவரியில், கட்ட எண் இருக்க வேண்டிய இடத்தில் "வாதானாபே" என்று இருக்கும். ஜப்பானில் பலருக்கு உள்ள அந்தக் குடும்பப்பெயர் இந்தக் கோயிலோடு சேர்ந்தது. 1989-இல் வார்டுகளை இணைத்தபோது தெருப் பெயரை எடுக்கப் பார்த்தார்கள். நாடெங்கும் உள்ள வாதானாபேக்கள் எதிர்த்தார்கள். நகராட்சி கட்டத்தின் எண்ணுக்குப் பதிலாகப் பெயரை வைத்துச் சமாளித்தது.

24 நவம்பர் 2024

நேற்றும் முந்தாநாளும் டோஷோமாச்சியில் ஷின்னோ திருவிழா. வருடா வருடம் நவம்பர் 22, 23. ஜனவரியில் எபிசு தெய்வத்தின் திருவிழாவில் தொடங்கும் ஒசாகாவின் திருவிழாக்கள் இதோடு முடிகின்றன.

1822-இல் காலரா வந்தபோது இத்தெரு வியாபாரிகள் புலித்தலை எலும்பு சேர்த்து ஒரு மாத்திரை செய்து, காகிதக்கூழ்ப் புலியோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்தார்கள். மாத்திரை போய்விட்டது, புலி இருக்கிறது. மூங்கில் கிளையில் கட்டிய, கைக்குள் அடங்கும் மஞ்சள் புலி. தலையைத் தொட்டால் ஆடும். பிடித்திருக்கும்போது எடையே தெரியாது, காற்றில் கிளை அசையும்போது தலை தானாக ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் அலுவலகத்தில் பணப்பெட்டி பக்கத்தில் போன வருடப் புலி இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினோம்.

மே மாதம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன் அல்லவா? வரிசையில் எனக்கு முன்னால் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தம்பதி. பேச்சுக் கொடுத்தேன். கிதாஹாமாக் கோபுரத்தில் குடியிருக்கிறார்கள், டோக்கியோவிலிருந்து வந்தவர்கள், இந்தத் திருவிழா அவர்களுக்கு முதல் தடவை. குழந்தைக்குப் பெயர் எழுதி அர்ச்சகரிடம் கொடுக்க என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். பக்கத்தில் நின்ற மருந்துக்கடைப் பெரியவர் நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

1 டிசம்பர் 2024

முதல் வாசகர் ஜனவரியில் மறுபடி வருகிறாராம். திங்கட்கிழமை வராதீர்கள், தெகிஜுகு மூடியிருக்கும். கோனிஷி வீட்டுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். செம்பா சென்டர் பில்டிங்கில் ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடல், ஆகவே வாரநாளில் மதியம் பாருங்கள். ஆற்றோரக் கடை குளிராக இருக்கும், இருந்தாலும் போர்வை தருவார்கள். ஹிரானோமாச்சிப் பக்கம் வந்தால் எழுதுங்கள், செம்பா-ஜிரு நான் வாங்கித் தருகிறேன்.